பாராட்டு வாங்கிய கோழிகள்

ஏனுங்க, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் இப்படிக் காட்டறீங்களா? ஆமாங்க, அந்தக் கட்டம் போட்ட செய்திதான். "தினமும் காலையில் முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஞாபகசக்தி அதிகம்: ஆய்வில் தகவல்." எத்தனை பேர்கிட்டக் கேட்டாங்கன்னு போட்டிருக்குதுங்களா? இல்ல. யார்கிட்டக் கேட்டாங்க? அதுவும் இல்ல. காலையில உக்காந்து நிதானமா முட்டை சாப்பிட வசதி இருக்கறவன் நல்ல பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பான், நல்லாத் தூங்கியிருப்பான். ஞாபகம் முட்டையால வந்துச்சா, வசதியால வந்துச்சா? அதைப் பிரிக்காம, தகவலாம் தகவல்.

தப்பா நெனச்சுக்காதீங்க. முன்னப்பின்ன தெரியாத மனுசன் பக்கத்துல வந்து உக்காந்து உங்க பேப்பரையே புடுங்கறேன். இது எனக்கு ஒரு வியாதி. சேலத்துல காலேஜ் வாத்தியாருங்க நான், புள்ளியியல். என்ற சம்சாரம் கோகிலா சொல்லும், "உங்ககூட சினிமாவுக்குக்கூடப் போக முடியாது, 'வெற்றிகரமான மூணாவது வாரம்'னு போஸ்டரைப் பாத்தா எத்தனை தியேட்டர்லன்னு கேட்டுக்கிட்டு நடுரோட்ல நிப்பீங்க"ன்னு. நெசந்தான். நின்னிருக்கறேன்.

நான் பள்ளிபாளையத்துல எறங்கணும். திருச்செங்கோடு தாண்டி இன்னும் நேரம் இருக்குது. முட்டைன்னு பேச்சு வந்ததால சொல்றேன். முட்டையை வெச்சு நானும் ஒரு ஆய்வு செஞ்சவந்தான். செஞ்சுதான் இன்னைக்கு இந்த பஸ்ஸுல போறேன்.

என்ற மாமனார் நாச்சிமுத்து, நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வெச்சிருக்கறாரு. எட்டு ஷெட்டு. நூறு கோழிக்கு எத்தனை முட்டைன்னு தினமும் ஷெட்டு வாரியா பர்சன்ட் போடுவாங்க. அந்த பர்சன்டைப் பாத்துத்தான் அவரு காலையில சிரிக்கறதா, முறைக்கறதான்னு முடிவு பண்ணுவாரு. நல்ல மனுசன். படிப்பு கம்மி, ஆனா பேசினா மடக்கிப் போட்டுருவாரு. அது எனக்கு அப்பத் தெரியாதுங்க.

அங்க பாவாயின்னு ஒரு அம்மா. ஷெட்டுலதான் வேலை, பண்ணையிலயே ஒரு ரூம்ல தங்கியிருந்தாங்க. என்ற மாமியார் போய்ச் சேர்ந்தப்ப கோகிலா சின்னப்புள்ள. தலை சீவி, சடை பின்னி, காய்ச்சல்னா மடியில போட்டுக்கிட்டு வளத்தது பாவாயக்காதான். வளைகாப்பு முடிஞ்சு கோகிலா பிரசவத்துக்கு அங்க போனப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "பாவாயக்கா பக்கத்துல இருந்தாப் போதும். எனக்கு வேற யாரும் வேண்டாம்"னா.

இந்த நேரம் பாத்து அந்தம்மா வாயைத் தொறந்துட்டாங்க.

சித்திரை மாசம், நல்ல வெய்யில். வெய்யில்ல முட்டை கொறையும். ஆனா ஒரு நாள் மூணாம் நம்பர் ஷெட்டு மட்டும் எங்கியோ போயிருச்சு. அந்த வருசத்துக்கே அதுதான் உச்சம். பாவாயக்கா முட்டை அட்டையை அடுக்கிக்கிட்டே, "அடேங்கப்பா, என்னமா வெச்சிருக்குதுங்க!"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டாங்க. மறுநாள் கொறஞ்சுது. அதுக்கு மறுநாள் இன்னும் கொறஞ்சுது. மாமனாரு முகம் இருண்டுபோச்சு. அப்பறம் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு பாருங்க அவருக்கு! அந்தம்மா பாத்த மறுவாரம் எருமைக்குப் பால் வறண்டுச்சாம். "நல்லாக் காய்ச்சிருக்குது"ன்னு சொன்ன தென்னையில இடி விழுந்துச்சாம். அந்தம்மா பாத்து நல்லா இருந்தது எத்தனை? அதை எண்ண ஆளில்ல. ஆகாததை மட்டும் பொறுக்கி வெச்சுக்கிட்டா யாரை வேணா சூனியக்காரி ஆக்கலாங்க, உங்களையும் ஆக்கலாம்.

"அவ பார்வை சரியில்ல. வைகாசி பொறந்ததும் வேற எடம் பாத்துக்கட்டும்"னுட்டாரு.

கோகிலா அழுதா. எனக்கு போன் போட்டா. எனக்கும் லீவு விட்டிருந்தாங்க, ஓடினேன். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் எங்கிட்டச் சொன்னா. "அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. 'என்ற சம்சாரத்து பிரசவம் முடியற வரைக்கும் அந்தம்மா இருக்கட்டும் மாமா'ன்னு. மாப்பிள்ளை வாயத் தொறந்து கேட்டா அவரு மாட்டேன்னு சொல்ல மாட்டாரு."

கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. எனக்கு வாய் வரலீங்க. "கேட்டு வாங்கினா அது சலுகை, நிரூபிச்சு வாங்கினாத்தான் நியாயம்"னேன். நல்லா இருக்குதில்லீங்க, வசனம்? கோகிலா விளக்கை அணைச்சுட்டா.

மறுநாள் காலையில மாமனாரைப் புடிச்சு உக்கார வெச்சு பாடம் எடுத்தேன். "மாமா, இது கண்ணேறு இல்ல, கணக்கு. ஒரு பையன் ஒரு பரீட்சையில தொண்ணூத்தெட்டு வாங்கறான். பாதி படிப்பு, மீதி அன்னைக்கு அவனுக்கு அடிச்ச அதிர்ஷ்டம். அடுத்த பரீட்சைக்குப் படிப்பு கூட வரும், அதிர்ஷ்டம் கூட வரணும்னு இல்ல. மார்க்கு எறங்கத்தான் செய்யும். உச்சிக்குப் போனது எதுவா இருந்தாலும் அடுத்தாப்புல வழக்கமான எடத்துக்கு வரும். சரி, நாம எப்ப ஒண்ணைப் பாராட்டறோம்? உச்சியில இருக்கறப்பத்தான். சுமாரா இருக்கறதைப் பாத்து யாராச்சும் 'அடேங்கப்பா'ங்கறாங்களா? அதனாலதான் பாராட்டுக்குப் பின்னாடியே எறக்கம் வருது. பழி பாராட்டு மேல விழுகுது. சுத்திப் போடறதும் அப்படித்தான். காய்ச்சல் உச்சத்துல இருக்கறப்ப சுத்திப் போடறோம், மறுநாள் அதுவா எறங்குது, பேரு மொளகாய்க்குப் போகுது."

கையைக் கட்டிக்கிட்டு முழுசாக் கேட்டாரு. கேட்டுட்டு, "மாப்பிள்ளை சொல்றது நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா பேச்சாத்தானே இருக்குது"ன்னாரு.

அங்கதாங்க நான் விழுந்தேன். "சோதிச்சே பாத்துரலாம்"னேன்.

ஒப்பந்தம் என்னன்னா, பாவாயக்கா பாராட்டினா முட்டை கொறையுதான்னு ஒரு மாசம் பாக்கறது. கொறையலைன்னா அவங்க இருக்கலாம். கொறஞ்சா நான் வாயத் தொறக்கக் கூடாது. எட்டு ஷெட்டையும் கோழி வயசு பாத்து ஜோடி சேத்தேன். ஏன்னா கெழட்டுக் கோழியையும் எளங்கோழியையும் ஒப்பிட்டா அது நியாயமில்ல. ஒரு ஜோடியில ஒண்ணுக்குப் பாராட்டு, ஒண்ணுக்கு இல்ல. எதுக்கு எதுன்னு நானும் முடிவு பண்ணக்கூடாது, மாமாவும் பண்ணக்கூடாது. யாரு முடிவு பண்ணினாலும் கை ஒரு பக்கம் சாயும். சீட்டுக் குலுக்கலாம்னேன். மாமா, "எதுக்குங்க சீட்டு? அம்மன்கிட்டப் பூ கேட்டுருவோம்"னாரு.

நம்ம பக்கம் தெரியுமில்லீங்க, பொண்ணு பாக்கறதுக்கும் கெணறு வெட்டறதுக்கும் வெள்ளைப் பூ செவப்புப் பூ பொட்டலம் கட்டி சாமி முன்னால போட்டு ஒண்ணை எடுக்கறது. நான் யோசிச்சேன். பொட்டலம் ரெண்டும் ஒரே மாதிரி, எடுக்கறவருக்கு உள்ள இருக்கறது தெரியாது. இதைவிடச் சுத்தமான குலுக்கல் எந்த கம்ப்யூட்டர்ல கெடைக்கும்? புள்ளியியலுக்கும் அம்மனுக்கும் பாலம் போட்ட மொத ஆளு நாந்தான்னு பூரிச்சுப் போயி கோயில்ல நின்னேன். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தரம் கேட்டோம். வெள்ளைப் பூ வந்த ஷெட்டுக்குப் பாராட்டு.

பாராட்டையும் நானே எழுதிக் குடுத்தேன். தினமும் ஒரே மாதிரி இருக்கணுமில்லீங்க? "அடேங்கப்பா, எத்தனை முட்டை! இப்படிக் கோழிகளை நான் பாத்ததே இல்லை!" வெள்ளைப் பூ ஷெட்டுல நின்னு சத்தமாச் சொல்லணும். செவப்புப் பூ ஷெட்டுலயும் அவங்க அதே அளவு நடக்கணும், வாயத் தொறக்காம. ஏன்னா ஆள் நடமாட்டத்துக்கே கோழி மெரளும். மெரண்டதாலயா, பாராட்டாலயான்னு பின்னாடி சண்டை வரக்கூடாது. எப்படி யோசிச்சிருக்கறேன் பாருங்க.

பாவாயக்கா மொத நாள் வாசல்லயே நின்னுட்டாங்க. "வேணாங்க மாப்பிள்ளைங்க. நான் சொல்லி நெசமாவே ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"ன்னாங்க.

"அதைக் கண்டுபுடிக்கத்தானே அக்கா இத்தனையும்"னேன்.

சொன்னாங்க. சொல்லிட்டு உடனே "தூ, தூ"ன்னு துப்பினாங்க. "அக்கா, துப்பினா சோதனை கெட்டுப் போயிரும்"னேன். மறுநாள்ல இருந்து சொல்லி முடிச்சதும் சீலைத் தலைப்பை வாயில வெச்சு அடைச்சுக்கிட்டாங்க.

அப்பறம் தெனமும் இதே ஊர்வலந்தாங்க. முன்னால பாவாயக்கா, பின்னால குறிப்புப் பலகையோட நான். மாமாவும் கொஞ்சம் தள்ளி வருவாரு. அக்கறையா வர்றாருன்னு நெனச்சேன். பாராட்டுற சத்தம் ரோடு வரைக்கும் கேக்கும். டீக்கடையில இருந்து வந்து எட்டிப் பாக்க ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் பாவாயக்கா பார்வையைப் பத்தி மாமா ஒருத்தருக்குத்தான் சந்தேகம். பத்து நாள்ல சுத்துவட்டாரத்துக்கே தெரிஞ்சுபோச்சு. கூட வேலை செய்யற ஒரு பொண்ணு கைக்குழந்தையை முந்தானையில மூடிக்கிட்டு உள்ள ஓடும். குழாயடியில அந்தம்மா கொடத்தை வெச்சா மத்தவங்க தள்ளி நிப்பாங்க. யாரோ சீமந்தத்துக்குப் பண்ணை முழுக்க அழைச்சுட்டு இவங்களை மட்டும் விட்டுட்டாங்க.

இதையெல்லாம் நான் பாத்தேங்க. பாக்காம இல்ல. ஆனா நம்ம கேள்வி முட்டை. கேள்விக்கு வெளியில இருக்கறதையெல்லாம் குறிக்க ஆரம்பிச்சா எந்த ஆய்வும் முடியாது. பசங்களுக்கு மொத வகுப்புலயே சொல்லுவேன், கேள்வியைக் குறுக்குங்கன்னு.

கோகிலா மட்டும் ஒரு தரம், "அக்கா சோறே சரியாத் திங்கறதில்லீங்க"ன்னா. "இன்னும் கொஞ்ச நாள்தான், பாதியில நிறுத்தினா எல்லாம் வீண்"னேன்.

மாசம் முடிஞ்சுது. கணக்குப் போட்டேன். பாராட்டு வாங்கின ஷெட்டுக்கும் வாங்காத ஷெட்டுக்கும் சொல்லிக்கற மாதிரி ஒரு வித்தியாசமும் இல்லீங்க. படம் போட்டா ரெண்டு கோடும் பின்னிப் பின்னிப் போகுது, கோகிலா சடை மாதிரி. ஆபீஸ் ரூம்ல மாமாவை உக்கார வெச்சு லேப்டாப்பைத் திருப்பினேன். மீசையை முறுக்காத கொறையா ஒதுங்கி நின்னேன்.

நல்லாப் பாத்தாரு. "வித்தியாசமே இல்லீங்களே"ன்னாரு.

"இல்லீங்க மாமா."

"இருக்காதுங்க மாப்பிள்ளை. அவ பாராட்டிட்டு வெளிய வந்ததும் நாந்தான் தினமும் உள்ள போயி உப்பு மொளகா சுத்திப் போட்டுட்டு வந்தேனே."



"எதுக்கு மாமா?"ன்னு கேட்டேன். கத்தினேன்னே சொல்லலாம்.

"பின்ன? உங்க சோதனைக்காகப் பாதிக் கோழியைக் கண்ணேறுல விட்டுட்டு நான் சும்மா வேடிக்கை பாக்கறதுங்களா? வாயில்லாச் சீவனுங்க. நீங்க சுத்தக் கூடாதுன்னும் சொல்லலீங்களே."

சொல்லலீங்க. கோழி வயசு பாத்தேன், நடமாட்டம் பாத்தேன், எச்சி துப்பறதை நிறுத்தினேன். மாமனாரை நிறுத்தலாம்னு தோணவே இல்ல. தெனமும் பின்னாடியேதாங்க வந்தாரு! அவரு மேல சொல்றாரு: "இப்பப் பாருங்க, அவ பார்வையும் வேலை செஞ்சிருக்குது, நம்ம மொளகாயும் வேலை செஞ்சிருக்குது. ரெண்டும் சமமாப் போனதாலதான் கோடு ரெண்டும் ஒட்டிக்கிட்டுப் போகுது. நல்ல படங்க மாப்பிள்ளை. பிரேம் போட்டு மாட்டலாம்."

இதுக்குப் பதில் சொல்லுங்க பாக்கலாம். வித்தியாசம் தெரியலைன்னா விளைவே இல்லைன்னு அர்த்தமில்லைன்னு நானே வகுப்புல கத்தறவன். என்ற பாடத்தையே எனக்குத் திருப்பி நடத்திட்டாரு. அதுவும் பல் குத்திக்கிட்டே.

ஆனா வார்த்தை தவறலீங்க அவரு. "கொறையலைன்னா இருக்கலாம்னு பேசினோம். கொறையல. அவ இருக்கட்டும்"னுட்டாரு. "நான் பின்னாலயே சுத்திப் போட்டுக்கறேன்"னாரு. அத்தோட விட்டிருந்தா சரி. எனக்கு மனசு ஆறல. ரெண்டாவது சோதனைக்குத் திட்டம் போட்டேன். பாராட்டு உண்டு, இல்ல. மொளகா உண்டு, இல்ல. ஆக நாலு வகை. மாமாவை வீட்டுலயே பூட்டி வெக்கறது. பிரமாதமான திட்டங்க, இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். சாயந்தரமே போயி பாவாயக்காகிட்டச் சொன்னேன், "அக்கா, இன்னும் ஒரே மாசம், உங்க மேல பழியே இல்லாமப் பண்ணிடறேன்"னு.

"சரிங்க மாப்பிள்ளைங்க"ன்னாங்க.

மறுநாள் காலையில ரூமைக் கூட்டிப் பெருக்கிப் பூட்டி, சாவியைக் கோகிலா கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க. பள்ளிபாளையத்துல தங்கச்சி வீடு. அங்க தறிப்பட்டறையில தார்க்குச்சியில நூல் சுத்தற வேலையாம். ஏன் போனாங்கன்னு எனக்கு இன்னைக்கும் சரியாத் தெரியாதுங்க. ஊகம் சொல்லலாம். ஆதாரமில்லாம நான் காரணம் சொல்றதில்ல.

ஆனி கடைசியில பையன் பொறந்தான். பேரு இனியன். பாவாயக்கா இல்லாமத்தான் பொறந்தான். கோகிலா வலியில அவங்க பேரைச் சொல்லித்தான் கத்தினாளாம், நர்ஸு சொல்லுச்சு.

ஆடியில ஒரு நாள் பாவாயக்கா வந்தாங்க. கையில ஒரு டப்பா. பிரசவ லேகியம், அவங்களே கிண்டினது. நான் கூடத்துல பையனை மடியில வெச்சிருந்தேன். வாசப்படியில செருப்பை விட்டுட்டு உள்ள வந்தாங்க. வந்தாங்களா, நான் தோள்ல கெடந்த துண்டை எடுத்துப் பையன் முகத்து மேல போட்டேன்.

வெய்யில்ங்க. சன்னல் வழியா வெய்யில் விழுந்துச்சு. பச்சைப்புள்ள, கண்ணு கூசுமில்லீங்க? அதுக்குத்தான் போட்டேன். கோகிலா சொல்றா, அன்னைக்குக் காலையில இருந்து தூறல்னு. தூறல் நாள்ல வெய்யில் அடிக்காதுங்களா? ஆடி மாசத்துல எல்லாந்தான் மாறி மாறி வருது.

பாவாயக்கா அப்படியே நின்னுட்டாங்க. ஒரு அடி பின்னால வெச்சாங்க. தலையைத் திருப்பி சுவத்தைப் பாத்துக்கிட்டு, "நான் பாக்கலீங்க மாப்பிள்ளைங்க. பேரு மட்டும் சொல்லுங்க"ன்னாங்க.

சொன்னேன்.

"நல்ல..." அவ்வளவுதான், வாயைப் பொத்திக்கிட்டாங்க, அந்தச் சீலைத் தலைப்பாலயே. டப்பாவைக் கீழ வெச்சுட்டுப் போயிட்டாங்க. உள்ரூம்ல இருந்து கோகிலா எல்லாம் பாத்துக்கிட்டு இருந்திருக்கறா.

அதுக்கப்பறம் எங்கிட்ட அவ சரியாப் பேசறதில்லீங்க. இப்ப ஆவணி, சேலத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு நேத்து வந்தேன். தொட்டில் வாங்கி வெச்சிருக்கறேன், ரூமுக்கு சுண்ணாம்பு அடிச்சாச்சு. வரமாட்டேங்கறா. "பாவாயக்காவைக் கூட்டிட்டு வாங்க. அவங்க என்ற புள்ளையத் தூக்கணும், ஆசை தீரப் பாக்கணும், வாய் நெறையச் சொல்லணும். உப்பு மொளகா சுத்தக் கூடாது. எங்கப்பாவும் சுத்தக் கூடாது, நீங்களும் சுத்தக் கூடாது. பக்கத்துல சும்மா நிக்கணும். அப்பறம் நான் சேலம் வர்றேன்"னா.

நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. "கோகிலா, ஒரே ஒரு கொழந்தையை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது. ஒண்ணுங்கறது ஒரு சாம்பிளே இல்ல"ன்னேன். சாமி சத்தியமா இதைத்தாங்க சொன்னேன்.

அவ பையனை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டா. "உங்களை யாரு நிரூபிக்கச் சொன்னா? அவங்களைப் பாக்க விடுங்கன்னுதானே சொல்றேன்"னா.

காவேரிப் பாலம் தெரியுதுங்களா? பள்ளிபாளையம் வந்துருச்சு. தறிப்பட்டறை ஸ்டாப்புக்குப் பக்கத்துலதானாம். போயி என்ன சொல்றதுன்னு நாமக்கல்ல இருந்து யோசிச்சுக்கிட்டே வர்றேன், ஒண்ணும் வரல. வாங்கக்கான்னு கூப்பிடணும். கூப்பிட்டா வந்துருவாங்க, கோகிலான்னா உசுரு. வந்து அவனைத் தூக்குவாங்க. அவன் சிரிப்பானுங்க, இப்பத்தான் சிரிக்கக் கத்திருக்கறான். பாத்தா யாரா இருந்தாலும் ஏதாச்சும் சொல்லாம இருக்க முடியாது. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்.

அத்தனை ஆயிரம் கோழிக்கு நடுவுல ஒரு நாளும் எனக்கு ஒண்ணும் தோணலீங்க. இப்ப பயமா இருக்குது. நெசமாவே பயமா இருக்குதுங்க.

இந்தாங்க உங்க பேப்பர். கண்டக்டரே, ஒரு எறக்கம் இருக்குது!